மண்டபம் கழுவிய தண்ணீர்

வெள்ளேரி காலனி
4.11.2024

பிரவீணா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் நமக்குக் கடிதம் எழுதப் பழக்கினார்கள். நீ நலமாக இருப்பது தீபாவளிக்கு நீ வைத்த ஸ்டேட்டஸில் தெரிந்தது. இங்கே நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏன் காகிதம் என்று கேட்பாய். போன மாதத் தொடக்கத்தில் உனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினேன். காலனிக் குழாயில் நாற்றமெடுத்த தண்ணீர் வருகிறது, பைப் சாக்கடைக்குள் உடைந்து கிடக்கிறது, ஊராட்சித் தலைவர் உன் அப்பாதானே, அவரிடம் சொல் என்று. கோபத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாகவும் சொன்னேன். அப்பாவுக்குப் புரியட்டும் என்று நீ அதை அவருக்கே போட்டுக் காட்டினாய். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கக் கேட்டது. பைப்பை யாரும் பார்க்க வரவில்லை. அம்மாவைப் பருத்தி எடுக்க வர வேண்டாம் என்று மட்டும் இரண்டு வீட்டில் சொல்லியனுப்பினார்கள். ஆகவே காகிதம். இதையும் படமெடுத்து அனுப்பலாம், அனுப்பட்டும். என் கையெழுத்து கீழே இருக்கிறது. நான் எழுதவில்லை என்று சொல்லப் போவதில்லை.

பெரம்பலூர் ஜவுளிக்கடைக்குத் தினமும் பஸ் ஏறும் சசிகலா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் கையிலேயே பதில் கொடு.

விஷயம் இதுதான். காலனியில் மஞ்சள் காமாலை. முதலில் பச்சையம்மாள் பெரியம்மாவின் பேரன். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. இப்போது கண் மஞ்சளாகாத வீட்டைத்தான் எண்ண வேண்டும். உனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். காமாலை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். விடியலில் வெறும் வயிற்றோடு பக்கத்து ஊருக்குப் போய்ப் பச்சிலை குடித்துவிட்டு, உப்பில்லாமல் கஞ்சி குடித்துப் படுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெயரும் பதியவில்லை. பதியாததால் வெள்ளேரியில் நோயே இல்லை என்று உங்கள் சுகாதார ஆபீஸ் சொல்கிறதாம்.

சிந்து அண்ணிக்கு ஏழாம் மாதம். அண்ணன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் கிடக்கிறான், பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறான். அவளுக்கு நான்கு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மசக்கை என்கிறார்கள். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை?

எங்களுக்கு இரண்டு வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் ஒரு டேங்கர். பார்க்க ஒரு டாக்டர். சுகாதார ஆபீஸில் நீ இருக்கிறாய் என்பதால் கேட்கிறேன். தோழி என்பதாலும்தான்.

கவியா


பெரம்பலூர்
6.11.2024

என் கவிக்கு,

‘அன்புள்ள’ என்று ஒரு சொல் போட உனக்கு இவ்வளவு பஞ்சமா? கடிதத்தைப் பிரித்ததும் அதைத்தான் தேடினேன். நான் போட்டுவிடுகிறேன். அன்புள்ள கவி, வாய்ஸ் விஷயத்தில் நான் செய்தது தப்பு. அப்பா கேட்டுவிட்டு மனசு மாறுவார் என்று நம்பினேன். அது அவர் போனிலிருந்து எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

கோபப்படாமல் கேள். டேங்கர் அனுப்ப ஆபீஸில் ஒரு முறை இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியாக வேண்டும். வாய்வார்த்தைக்கு வண்டி வராது. அதற்காகத்தான், காலனியில் காமாலை என்று காதில் விழுந்த போன வாரமே, முகாம் போடச் சொல்லி நானே எங்கள் டாக்டரிடம் போய் நின்றேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் முகாம். அப்பாதான் இடம் கொடுத்தார். மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நோட்டீஸை இதோடு வைத்திருக்கிறேன். வாசகம் முழுக்க நான் எழுதியது. “குடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடிக்கவும். பாதுகாப்பான குடிநீரை மட்டுமே பயன்படுத்தவும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாதல் உள்ள அனைவரும் முகாமுக்கு வரவும்.” ஆபீஸில் எல்லோரும் தமிழ் நன்றாக இருக்கிறது என்றார்கள். நம் ஊர் குரூப்பில் இது ஐந்து நாளாக இருக்கிறதே, நீ பார்க்கவில்லையா? மைக் ஆட்டோவும் எல்லாத் தெருவும் சுற்றியதாக அப்பா சொன்னார்.

எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. சிந்து அண்ணியை முதல் ஆளாகக் கொண்டு வா. கர்ப்பத்தில் காமாலை விளையாட்டில்லை. அதுவரை அவளுக்குக் கொதித்த தண்ணீர் மட்டும்.

சாப்பிடாமல் அலையாதே. உன் கோபம் உன்னைத்தான் தின்னும்.

என்றும் உன்
பிரவீணா


வெள்ளேரி காலனி
8.11.2024

அன்புள்ள பிரவீணா,

போட்டுவிட்டேன். போதுமா?

‘வெள்ளேரி சொந்தங்கள்’ என்பதுதானே நீ சொல்லும் நம் ஊர் குரூப்? அதில் எங்களில் ஒருவர்கூடக் கிடையாது. பேரிலேயே இருக்கிறதே, யார் சொந்தம் என்று. நோட்டீஸ் ஐந்து நாளாக அங்கே இருந்தது, நாங்கள் ஐந்து நாளும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். மைக் ஆட்டோ கோயில் வளைவு வரை வந்து திரும்பிவிட்டது. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பாதிப் பாதியாகக் கேட்டது. “என்னாடி சொல்றான்?” என்று எதிர் வீட்டு மருதாயி கேட்டாள். “எதையோ கொதிக்க வைக்கச் சொல்றான். ஓட்டலு தொறக்குறானுவளோ என்னமோ” என்றாள் பச்சையம்மாள் பெரியம்மா.

குன்னத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் உன் நோட்டீஸை நூறு பிரதி எடுத்தேன். நேற்று ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினேன். நீ எழுதிய தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு நாளெல்லாம் தண்ணீர் கொதிக்க எரிபொருள் எங்கிருந்து வரும் என்று அதில் இல்லை. சிலிண்டர் பாதி வீட்டில் காலி. விறகு மழையில் ஊறிக் கிடக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கும் அண்ணிக்கும் கொதிக்கிறது. மற்றவர்கள் துணியை மடித்து வடிகட்டிக் குடிக்கிறார்கள்.

இப்போது மண்டபம். அந்த மண்டபம் கட்டும்போது என் அப்பா சிமெண்ட் கலந்தார். நாம் அப்போது எட்டாவது. தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, தரை காய்கிற வரைக்கும் அவர் உள்ளே இருந்தார். காய்ந்த பிறகு ஒருநாளும் போனதில்லை. எங்களில் யாரும் போனதில்லை. இது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. திருவிழாவுக்கு நீ உள்ளே இருந்து பொங்கல் கொண்டுவந்து வளைவுக்கு வெளியே நின்ற எனக்குக் கொடுப்பாய். நானும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றிருக்கிறேன்.

முகாமுக்கு இடம் பார்த்தவர்கள் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார்கள், கழிப்பறையைப் பார்த்திருக்கிறார்கள். நோயாளி எந்தத் தெருவில் இருக்கிறான், அவன் அந்தப் படி ஏறுவானா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்த நீயும் பார்க்கவில்லை.

நேராகக் கேட்கிறேன். நோட்டீஸில் ‘அனைவரும்’ என்று எழுதியிருக்கிறாய். அதில் நாங்கள் உண்டா? உண்டென்றால் உள்ளே வருவோம். ஆம் அல்லது இல்லை, ஒரே வார்த்தை எழுதியனுப்பு.

கவியா


பெரம்பலூர்
9.11.2024

அன்புள்ள கவி,

சசிகலா அக்கா பஸ்ஸுக்கு நிற்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். ஆம். உண்டு. இதைக் கேட்கவும் வேண்டுமா?

ஆனால் ஒன்று. அப்பாவிடம் நேற்றுப் பேசினேன். கோயில் கமிட்டியில் சிலர் முறைக்கிறார்கள். முகாமே நின்றுபோனால் யாருக்கு நஷ்டம்? அதனால் கிழக்குப் பக்கம் செருப்பு விடும் கொட்டகை இருக்கிறதல்லவா, அங்கே தனியாக ஒரு மேசையும் நர்ஸும் போடச் சொல்லியிருக்கிறேன். கூட்ட நெரிசலும் குறையும், உங்களுக்கும் சீக்கிரம் முடியும். நமக்கு வேண்டியது ரத்த மாதிரி. அது எந்த இடத்தில் எடுத்தால் என்ன? இப்போதைக்கு இதைப் பெரிதாக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு ஞாயிறு ஆலத்தூர் பக்கம் டூட்டி போட்டுவிட்டார்கள். நான் அங்கே இருந்தால் உன் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன்.

சிந்து அண்ணி முதலில்.

பிரவீணா


வெள்ளேரி காலனி
12.11.2024

பிரவீணா,

முகாம் எப்படி நடந்தது என்று உன் அப்பா ஒரு கதை சொல்லியிருப்பார். நடந்ததை நான் எழுதுகிறேன்.

செருப்புக் கொட்டகை என்றதும் பாதிப்பேர் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பச்சிலையே போதும் என்றார்கள். மருதாயிதான் கிளப்பினாள். “செருப்புக் கொட்டாயில குத்துனா ரத்தம் வராதா? வரும்ல? எந்திரிங்கடி. பவுசு பாக்குற நேரமா இது?” எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் அண்ணியின் கண்ணைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நடந்தேன். இதை நீ குறித்துக்கொள். உன் கொட்டகைக்கும் நாங்கள் சம்மதித்துத்தான் வந்தோம்.

வந்து பார்த்தால் கொட்டகையில் மேசையும் இல்லை, நர்ஸும் இல்லை. செருப்பு மட்டும் கிடந்தது. மேசையை முகாம் ஆட்களுக்கு டிபன் வைக்க எடுத்துப் போய்விட்டார்களாம். நின்றோம். வெயில் ஏறியது. பிள்ளைகள் செருப்பின் மேலேயே உட்கார்ந்தன. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடமோ வேறு யாரிடமோ கேட்கவில்லை. “எனக்கு உக்காரணும்” என்றாள். செருப்பைக் கழற்றினாள். படியேறிப் போய், விசிறிக்குக் கீழே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்தாள்.

உன் அப்பா வந்தார். “ஏம்மா, கொட்டாய்ல இருக்கச் சொன்னாங்கல்ல?”

“கொட்டாய்ல சேர் இல்லீங்க.”

“கேட்டா கொண்டாந்து போடுவாங்க. அதுக்குன்னு மேல ஏறிடுவியா?”

அதற்குள் பச்சையம்மாள் பெரியம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டாள். “தலைவரே, நோட்டீசுல அனைவரும்னு போட்டிருக்காம், புள்ள படிச்சுக் காட்டுச்சு. நாங்க அந்த அனைவர்ல இல்லன்னா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. நாங்க பாட்டுக்குப் போயிடுறோம்.”

டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். வெளியூர்க்காரர் போலிருக்கிறது, அவருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. “அடுத்து யாரு? வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க” என்றார். போனோம். எல்லோரும். என் அப்பா கடைசியாக ஏறினார். ஏறியதும் குனிந்து தரையைப் பார்த்தார். “ரெண்டு டைல்ஸு தூக்கிருச்சு” என்றார்.

நாங்கள் உட்கார உட்கார உங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவரும் திட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல எழுந்தார்கள். ரத்தம் கொடுக்காமலே போனார்கள், பிரவீணா. அவர்களில் எத்தனை பேருக்குக் காமாலை என்று உன் ஆபீஸுக்கு இனி எப்படித் தெரியும்?

இதுவரை நடந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷம்கூட. சாயங்காலம்தான் ஒன்று நடந்தது.

நாலு மணிக்கு ஒரு டேங்கர் லாரி வந்தது. வளைவுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கத்தின. ரத்தம் கொடுத்தால் தண்ணீர் வரும் என்று நான்தான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். குடம், பக்கெட், சொம்பு என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். லாரி மண்டபத்துக்கு முன்னால் நின்றது. குழாயைச் சொருகிப் படியிலிருந்து தொடங்கினார்கள். தரை, தூண், நாற்காலி எல்லாம். முதலில் வெறும் தண்ணீர். பிறகு மஞ்சள் கரைத்த தண்ணீர். அண்ணி உட்கார்ந்த நாற்காலியை மட்டும் தனியாகத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் குடத்தோடு நின்று பார்த்தன. எங்கள் தெரு பள்ளத்தில் இருப்பது உனக்குத் தெரியும். மண்டபம் கழுவிய தண்ணீர் வளைவு தாண்டி, சாக்கடை வழியாக எங்கள் தெருவுக்குத்தான் ஓடி வந்தது. ஊராட்சி எங்களுக்கு இந்த நோயில் அனுப்பிய முதல் தண்ணீர் அதுதான்.

கவியா


பெரம்பலூர்
14.11.2024

அன்புள்ள கவி,

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் படி. மதியத்திலிருந்து உன் போனுக்கு அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. முடிவு வந்துவிட்டது. சிந்து அண்ணிக்கு உறுதி. ஈரல் பரிசோதனை அளவு மோசமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடமே அவளைப் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வா. விடியட்டும் என்று காத்திருக்காதே. 108க்கு அடி. வார்டில் நான் சொல்லி வைத்திருக்கிறேன். பச்சிலையைக் கண்ணில் காட்டாதே.

காலனியில் ரத்தம் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் உறுதியாகியிருக்கிறது. ஆகவே டேங்கருக்கு உத்தரவாகிவிட்டது. சனிக்கிழமை வரும். நீ கேட்டது நடந்திருக்கிறது, அதையாவது பார்.

டேங்கர் விஷயம். முகாம் நடந்த இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அப்பா அதைத்தான் செய்ததாகச் சொல்கிறார். மஞ்சள் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டாள். நான் என்ன செய்யட்டும்? நீ நினைப்பதுபோல நான் அங்கே பெரிய ஆள் இல்லை. தொகுப்பூதியக்காரி. டிசம்பரில் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும்.

ஞாயிறு இரண்டாம் முகாம். விட்டுப்போனவர்களுக்குப் பரிசோதனை, மருந்து. மண்டபம்தான். கமிட்டியை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு ஊர்த் தெரு. இரண்டு முதல் நான்கு காலனி. உள்ளேயே உட்காரலாம், கவி. உள்ளே! நேரம்தான் வேறு. நெரிசலைத் தவிர்க்க என்றுதான் நோட்டீஸில் போடுகிறோம். இதற்கு நீ சம்மதம் சொன்னால் எல்லோரும் வருவார்கள். எனக்காக.

முதலில் அண்ணி. இப்போதே கிளம்பு.

பிரவீணா


வெள்ளேரி காலனி
20.11.2024

பிரவீணா,

உன் கடிதம் வந்த இரவே அண்ணியைக் கொண்டுவந்து சேர்த்தோம். நீ சொல்லி வைத்திருந்தாய். கட்டில் கிடைத்தது. அதற்கு நன்றி. இது வாய்க்காக எழுதும் நன்றி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பெண். அண்ணன் லாரியை வழியிலேயே விட்டுவிட்டு வந்தான். அண்ணி பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

நான் டாக்டரிடம் கேட்டேன், என்றைக்கு இந்தக் கிருமி உள்ளே போயிருக்கும் என்று. இது உடனே காட்டாதும்மா, ஒரு மாதத்துக்கு முன்பே போயிருக்கும் என்றார். அதற்கும் முன்பே உனக்கு நான் அந்த வாய்ஸை அனுப்பியிருந்தேன். அதில் இருந்த எல்லாவற்றையும் ஊர் கேட்டது, பைப் உடைந்திருக்கிறது என்பதைத் தவிர.

சனிக்கிழமை வர வேண்டிய டேங்கர் திங்கட்கிழமை வந்தது. ஒரு நடை. வீட்டுக்கு இரண்டு குடம். இரண்டு மணி முகாமுக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. சம்மதம் சொல்லச் சொன்னாய். இதுதான் என் பதில். நெரிசல் என்று நீ எழுதியது பொய் என்று உனக்கே தெரியும்.

நேற்றுக் காலை ஒரு காரியம் செய்தோம். உன் வீட்டு வாசலில் ஒரு பொதுக்குழாய் இருக்கிறதல்லவா? ஊர் டேங்கிலிருந்து வரும் தண்ணீர், நல்ல தண்ணீர். ஆறு மணிக்குக் குடம் எடுத்துக்கொண்டு போனோம். முதலில் ஏழு பேர்தான். உங்கள் தெருவில் எல்லா வாசலிலும் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே குனிந்த வாக்கில் எங்களைப் பார்த்தார்கள். நான் குழாயைத் திறந்தேன்.

உன் அப்பா பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். “யாரக் கேட்டுப் புடிக்கிறீங்க?”

“பொதுக்கொழாய்க்கு யாரக் கேக்கணும்னு சொல்லிடுங்க தலைவரே” என்றாள் பச்சையம்மாள் பெரியம்மா. “நாளையிலேர்ந்து அவுங்களையே கேட்டுக்கறோம்.”

“உங்களுக்குத் தனியா டேங்கு கட்டிக் குடுத்திருக்குல்ல?”

“குடுத்தீங்களே. அதத்தான் குடிச்சுட்டு வந்திருக்கோம். கண்ணப் பாருங்க, மஞ்சப் பூசாமலே மஞ்சளா இருக்கோம்.”

மருதாயி சிரித்துவிட்டாள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போன் போட்டார். ஏட்டு ஒருவர் வண்டியில் வந்தார். “என்னம்மா பிரச்சன?” என்றார். நான் உன் நோட்டீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“பிரச்சன ஒண்ணும் இல்லீங்க சார். பாதுகாப்பான குடிநீர மட்டும் பயன்படுத்தச் சொல்லி சுகாதார ஆபீஸ்லேர்ந்து சொல்லியிருக்காங்க. இந்த ஊர்ல பாதுகாப்பான குடிநீர் இந்தக் கொழாய்லதான் வருது. சொன்னபடி செய்யிறோம்.”

அவர் ஒருமுறை படித்தார். திருப்பிப் பார்த்தார். கீழே கலெக்டர் ஆபீஸ் முத்திரை இருந்தது. “வரிசையா புடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

இன்று நாற்பது குடம். உன் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது என்று முன்பே சொன்னேன்.

கவியா


பெரம்பலூர்
23.11.2024

அன்புள்ள கவி,

அண்ணியைப் பார்க்க வார்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கொண்டுபோன ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வராண்டாவில் உன் அண்ணன் இருந்தார். “வாங்க” என்றார். அந்த ‘ங்க’தான் என்னால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் என்னை வா போ என்றுதானே கூப்பிடுவார்.

நான் ஒன்றுமே செய்யாமல் இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மஞ்சள் தண்ணீர் உள்பட. அடுத்த முகாம் உங்கள் காலனிப் பள்ளிக்கூடத்தில். நேரம் எல்லோருக்கும் ஒன்றே. உத்தரவை நானே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கிவிட்டேன். டேங்கரும் இனி தினமும் இரண்டு நடை, உங்கள் தெருவுக்கே. அப்பாவுக்கு இது தெரிந்ததிலிருந்து என் போனை எடுப்பதில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். தண்ணீர்தான் வந்துவிட்டதே. இனிமேலும் வாசல் குழாய்க்கு வர வேண்டுமா? அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா தினமும் அழுகிறாள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்கிறாள். நீங்கள் யாரும் தப்புச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஜெயித்துவிட்டீர்கள், கவி. ஜெயித்த பிறகும் எதற்கு?

நாளை ஞாயிறு, வீட்டுக்கு வருகிறேன். பத்து மணிக்கு பஸ் ஸ்டாப் நிழற்குடைக்கு வா. நாம் இரண்டு பேர் மட்டும். அப்பா வேண்டாம், ஊர் வேண்டாம், காலனி வேண்டாம். பழையபடி உட்கார்ந்து பேசுவோம். எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

உன்
பிரவீணா


வெள்ளேரி காலனி
24.11.2024

அன்புள்ள பிரவீணா,

நிழற்குடைக்கு நான் வரவில்லை. நீ வெகுநேரம் காத்திருந்ததாகச் சசிகலா அக்கா சொன்னாள். வேண்டுமென்றுதான் வரவில்லை.

நீ செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் முகாம் என்ற உத்தரவை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். யார் போட்ட உத்தரவு என்றும் சொன்னேன். “பரவால்லியே, தலைவரு வீரமுத்து மவளுக்கு முதுகெலும்பு இருக்கு” என்றாள் பச்சையம்மாள் பெரியம்மா. டேங்கர் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறோம். முகாமுக்கு உங்கள் தெரு ஆட்கள் வந்தால் நாற்காலி போடுவோம். அவர்கள் போன பிறகு எதையும் கழுவ மாட்டோம்.

ஆனால் குழாய்க்கு வருவதை நிறுத்த மாட்டோம். பைப்பைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் புதிதாகப் போடும்வரை வருவோம். டேங்கர் நோய் இருக்கும்வரை வரும். நோய் நின்றதும் நிற்கும். பிறகு அடுத்த மழை. போட்ட பிறகும் வருவோம், வெயில் காலத்தில், எங்கள் டேங்க் வற்றினால். ஊராட்சிப் பணத்தில் போட்ட குழாய் அது. உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வரும் நாளிலும் எங்களுக்குத் தாகம் எடுக்கும். அவர்கள் கேட்டால் உன் அம்மா உண்மையைச் சொல்லட்டும். தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று.

ஜெயித்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அண்ணி நேற்று வீட்டுக்கு வந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று நீ வந்து பார்க்கலாம்.

இன்று காலை நீ வீட்டில் இருந்தாய். நான் குழாயடியில் மூன்றாவது ஆளாக நின்றேன். மாடி ஜன்னல் திறந்தது. நீதான். என்னைப் பார்த்தாய். கையைக்கூடத் தூக்கப் போனாய் என்று நினைக்கிறேன். பிறகு ஜன்னல் சாத்திக்கொண்டது. நாலு மணி நேரம் கழித்து, யாரும் இல்லாத நிழற்குடையில் என்னோடு பேசுவதற்கு நீ தயாராக இருந்தாய்.

பத்து வருஷமாக நாம் அப்படித்தான் இருந்திருக்கிறோம். வளைவுக்கு வெளியே, நிழற்குடையில், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம். யாரும் பார்க்காத இடத்தில் நீ என் உயிர்த்தோழி. எனக்கு அது போதுமென்று இருந்தது. இப்போது போதவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. சசிகலா அக்காவிடம் இனி கடிதம் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கடைக்கு நேரமாகிறது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவைத் திறந்து வாசலுக்கு வா. ஆறு மணிக்கு இருப்பேன். எல்லோரும் இருப்பார்கள்.

கவியா